தழும்பும் அட்டையும்

திருப்பூர் நெருப்பெரிச்சலின் லைன் வீடுகளில் ஒரு வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்துச் செருகியிருந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரி படிக்கு வெளியிலேயே நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பிவிடுவாள். சீட்டுப் பணம் வாங்க வருகிறவர் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டியைத் திருப்பிவிடுவார். பத்துப் பன்னிரண்டு குடித்தனங்கள் ஒரே தண்ணீர்க் குழாயைப் பங்கிட்டுக்கொள்ளும் காம்பவுண்டில், இந்த இலைக்கு மட்டும் யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் பனியன் கம்பெனி வேலைக்கு வந்து குடியிருக்கிறவர்களுக்கும் அது தெரியும். நமக்கு மாரியம்மன், அவர்களுக்குச் சீதளா தேவி. சீதளா என்றால் குளிர்ச்சியானவள். அங்கேயும் வேப்பிலைதான்.

உள்ளே படுத்திருக்கும் குழந்தைக்கு என்ன என்று விசாரித்தால், "அம்மை போட்டிருக்குதுங்க" என்பார்கள். எந்த அம்மை என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. வைசூரி என்ற பெரியம்மை, மணல்வாரி என்ற தட்டம்மை, சின்னம்மை என எல்லாமே ஒரு தாயின் பெயரில் வழங்குவதால், ஒரே நோயின் பெரிய வடிவமும் சிறிய வடிவமும் என்றுதான் நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அவை வெவ்வேறு வைரஸ்கள். குணம் வேறு, பரவும் வழி வேறு, அடக்கும் வழியும் வேறு. சின்னம்மையை இங்கே விட்டுவிடுகிறேன். பெரியம்மையையும் தட்டம்மையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் என் நோக்கம். ஒன்று உலகத்தை விட்டே போய்விட்டது. மற்றது இன்னும் போகவில்லை. இந்த வேறுபாட்டுக்கான காரணத்தைத் தேடிப் போனால், அது நம் ஊர் லைன் வீட்டுக்கும் கம்பெனி ஷிப்டுக்கும் வந்து நிற்கிறது.

முதலில் ஒற்றுமையைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதுதான் வியப்பு. இரண்டு வைரஸ்களும் மனித உடலை மட்டுமே நம்பிப் பிழைப்பவை. ஒதுங்கிக் கிடக்க ஒரு விலங்கோ, சுமந்து செல்ல ஒரு கொசுவோ அவற்றுக்கு இல்லை. ஒருமுறை வந்து பிழைத்தவருக்கு மறுபடி வருவது மிக அரிது. இரண்டுக்கும் நல்ல தடுப்பு மருந்து உண்டு. தட்டம்மைத் தடுப்பூசி அமெரிக்காவில் 1963ல் புழக்கத்துக்கு வந்தபோது, 1962ல் தொடங்கிய இந்தியாவின் தேசியப் பெரியம்மை ஒழிப்புத் திட்டத்துக்கு ஒரு வயதுதான் ஆகியிருந்தது. கொள்கை அளவில் இரண்டையும் ஒழித்திருக்கலாம்.

பெரியம்மையின் கொடுமை என்ன என்பதற்குச் சென்னையிலேயே கணக்கு இருக்கிறது. சென்னைத் தொற்றுநோய் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் ஏ. ராமச்சந்திர ராவ், தாம் பார்த்த 6,942 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 1972ல் பெரியம்மை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அம்மை குத்திக்கொள்ளாதவர்களில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் இறந்தார்கள். எப்போதோ ஒருமுறையாவது குத்திக்கொண்டவர்களில் இறந்தது நூற்றுக்கு 6 பேர். ஒரே மருத்துவமனை, ஒரே நோய். நடுவில் இருந்த வேறுபாடு தோளில் ஒரு கீறல்தான். பிழைத்தவர்களிலும் பலருக்கு முகம் முழுக்கக் குழி விழுந்தது, சிலருக்குக் கண் போனது.

தட்டம்மை அந்த அளவுக்குக் கொல்வதில்லை. நல்ல ஊட்டமுள்ள குழந்தைகளில் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு, ஊட்டமில்லாத குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து, சில நேரம் பத்து என்பது மருத்துவ உலகம் சொல்லும் கணக்கு. ஆனால் இறப்பு விகிதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். கொல்லும் வேகம் குறைவானாலும், தடுப்பூசிக்கு முன்பு அது கிட்டத்தட்ட எல்லாக் குழந்தையையும் தொட்டுவிடும். அதனால் அந்தக் காலத்தில் உலகெங்கும் ஆண்டுக்குச் சுமார் 26 லட்சம் பேர் தட்டம்மையால் இறந்துகொண்டிருந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. 2023ல்கூட அது ஒரு லட்சத்துக்கும் அதிகமான உயிர்களை எடுத்தது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

இப்போது வேறுபாட்டுக்கு வருகிறேன். பெரியம்மை முதலில் முகத்தைக் காட்டும், பிறகு பரவும். தட்டம்மை முதலில் பரவும், பிறகுதான் முகத்தைக் காட்டும். இந்த ஒரு வரிசை மாற்றத்தில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

பெரியம்மைக் கிருமி உடலுக்குள் போனபின் ஏறக்குறைய பன்னிரண்டு நாள் சத்தமில்லாமல் இருக்கும். அந்த நாட்களில் அது அடுத்தவருக்குத் தொற்றாது. பிறகு கடும் காய்ச்சல் அடித்து ஆளைப் படுக்கையில் தள்ளும். இரண்டு மூன்று நாளில் கொப்புளங்கள் கிளம்பும்போதுதான் பரவலும் முழு வேகம் எடுக்கும். அதற்குள் நோயாளி எழுந்து நடமாட முடியாத நிலையில் இருப்பார். ஆகவே அது பெரும்பாலும் வீட்டில் உடனிருப்போருக்கும் பணிவிடை செய்வோருக்குமே தொற்றியது. ஒருவரிடமிருந்து சராசரியாக நான்கைந்து பேருக்கு. இன்னொரு வசதியும் இருந்தது. நோயாளியோடு பழகியவருக்கு மூன்று நான்கு நாளுக்குள் அம்மை குத்திவிட்டால் பெரும்பாலும் நோயே வராது, வந்தாலும் லேசாக முடியும். நோய் முளைத்த வீட்டைக் கண்டுபிடித்து, அதைச் சுற்றி வேலி போடுவது போல அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் குத்தினால் போதும்.

தட்டம்மையில் தடிப்பு வெளியே தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே குழந்தை கிருமியைப் பரப்பிக்கொண்டிருக்கும். அந்த நான்கு நாளில் அதற்கு இருப்பது மூக்கொழுகல், இருமல், கண் சிவப்பு, காய்ச்சல். எந்தத் தாயும் சளி பிடித்திருக்கிறது என்றுதான் நினைப்பாள். அங்கன்வாடிக்குப் போகும், பக்கத்து வீட்டில் டிவி பார்க்கும், பஸ்ஸில் பெருமாநல்லூர் வரை போய்த் திரும்பும். கிருமி காற்றில் மிதக்கும். நோயுள்ள குழந்தை வெளியேறிய பிறகும் அந்த அறைக் காற்றில் இரண்டு மணி நேரம்வரை உயிர்ப்போடு இருக்கும். காப்பு இல்லாதவர்கள் நடுவே ஒரு குழந்தையிடமிருந்து 12 முதல் 18 பேர்வரை தொற்றக்கூடிய நோய் இது. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் படுத்து, சன்னலுக்கு வெளியே அடுத்த வீட்டுச் சுவர் நிற்கும் லைன் வீட்டை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

தட்டம்மைக்கும் தொற்றிய 72 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால் பலன் உண்டு. ஆனால் தடிப்பு கண்ணில் படும் அன்றைக்கே, முதல் நாளில் தொற்று வாங்கியவருக்கு நான்கு நாள் கடந்திருக்கும். பெரியம்மை நமக்குக் கொடுத்த நாட்களைத் தட்டம்மை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டுவிடுகிறது. துரத்திப் பிடிக்க முடியாத நோய் என்பதால், அது வரும் முன்பே நாம் போய் வாசலில் நின்றிருக்க வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் வேப்பிலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அம்மை கண்ட வீட்டில் நம் முன்னோர் வகுத்து வைத்த நடைமுறைகளை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது, வீட்டார் விசேஷத்துக்குப் போகக்கூடாது, மூன்று தண்ணீர் ஊற்றி முடியும்வரை எவரும் கலந்து பழகக்கூடாது, வாசலில் அடையாளத்துக்கு வேப்பிலை. இது தனிமைப்படுத்தல்தான். மருத்துவத்துறை பிறப்பதற்கு முன்பே, ஊர் தன் அனுபவத்தில் கண்ட முறை. பெரியம்மைக்கு அது அச்சு அசலாகப் பொருந்தியது, ஏனெனில் கொப்புளம் வந்தபிறகுதான் அது பரவியது. அதே முறையைத் தட்டம்மைக்கும் கடைப்பிடிக்கும்போது, இலை செருகும் நேரத்தில் காரியம் பாதி முடிந்துபோயிருக்கிறது. முறையில் தவறில்லை. நோய் மாறிவிட்டது.

ஆனால் இன்னொரு பழக்கம் உண்மையிலேயே தீங்கு செய்கிறது. அம்மை கண்டால் மருந்து கொடுக்கக்கூடாது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகக்கூடாது என்பது. பெரியம்மைக்கு அந்தக் காலத்தில் கொடுக்க மருந்தே இல்லை, அதனால் அந்த விலக்கினால் இழப்பும் பெரிதாக இல்லை. தட்டம்மையில் குழந்தையைக் கொல்வது பெரும்பாலும் தடிப்பு அல்ல, அதைத் தொடர்ந்து வரும் நிமோனியாவும் வயிற்றுப்போக்கும்தான். இரண்டுக்கும் மருத்துவம் உண்டு. அடுத்தடுத்து இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுத்தால் உயிரிழப்பும் பார்வையிழப்பும் குறையும். மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, குழந்தை சோர்ந்து கிடந்தாலோ அன்றைக்கே தூக்கிக்கொண்டு போக வேண்டும். வேப்பிலை வாசலில் இருக்கட்டும். ஆத்தாளுக்குக் கூழ் ஊற்றட்டும். குழந்தை மட்டும் மருத்துவமனையில் இருக்க வேண்டும்.

தட்டம்மை போன பிறகும் கணக்கு முடிவதில்லை. உடம்பு முன்பு எதிர்த்து வென்ற மற்ற நோய்களைப் பற்றிய நினைவையும் அது அழித்துவிடுகிறது என்பதை 2019ல் வெளியான ஆய்வுகள் உறுதிப்படுத்தின. குழந்தை தேறிவிட்டது என்று நினைக்கும்போது, மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில், மற்ற காய்ச்சல்களுக்கெல்லாம் கதவு திறந்து கிடக்கிறது. மிக அரிதாக, ஏழெட்டு ஆண்டு கழித்து மூளை அழற்சியாகத் திரும்பி வந்து உயிரை எடுப்பதும் உண்டு. பெரியம்மை தன் கொடுமையை முகத்தில் எழுதிவிட்டுப் போனது. தட்டம்மை எழுதுவது வெளியே தெரியாது. தெரியாததால் பயமும் இல்லை. "கொழந்தைன்னா ஒருக்கா மணல்வாரி வந்துதான போவும்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்.

பயம் தனக்கான வேலையைச் செய்தது என்பதற்கு 1974 சாட்சி. அந்த ஆண்டு இந்தியாவில் சுமார் 1.88 லட்சம் பேருக்குப் பெரியம்மை கண்டது, 30,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். பெரும்பங்கு பீகாரில். தமிழ்நாட்டில் ராமச்சந்திர ராவ் போன்றோர் நோய் கண்ட இடத்தைத் தேடிச் சென்று சுற்றி வளைக்கும் முறையை முன்னெடுத்ததால், 1960களின் இறுதியிலேயே இங்கு பரவல் அறுந்திருந்தது. அதே முறை வடக்கே எட்டியபோது, அதற்கு எதிரே நின்றது ஒரு தொழில் நகரம்: டாடாநகர் என்று ரயில்வே அழைக்கும் ஜாம்ஷெட்பூர்.

அந்தக் கதையைத் திருப்பூர்க்காரர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இரும்பு ஆலைகளுக்கு வேலை தேடி நாலாப்பக்கமிருந்தும் வந்து குடிசைகளில் நெருக்கியடித்து வாழ்ந்தவர்களிடையே பெரியம்மை பரவியது. நோய் கண்டவர்களும் பயந்தவர்களும் ரயிலேறிச் சொந்த ஊருக்குப் போனார்கள். அவர்கள் இறங்கிய நூற்றுக்கணக்கான ஊர்களில் நோய் முளைத்தது. ஒழிப்புப் பணியில் இருந்த அமெரிக்க மருத்துவர் லாரி பிரில்லியன்ட் எங்கெங்கோ தோன்றிய நோயின் வழித்தடத்தைப் பின்னோக்கிப் பிடித்து இந்த ஒரு ரயில் நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். டாடா நிறுவனம் மருத்துவர்களையும் ஊழியர்களையும் ஜீப்புகளையும் பணத்தையும் இறக்கியது. வீடு வீடாகத் தேடினார்கள். ஊரை விட்டுப் போகிறவர்களுக்குப் போகுமுன் அம்மை குத்தினார்கள். நாடு முழுக்கவும் இதே தேடல் நடந்தது. அம்மை கண்ட குழந்தையின் படம் போட்ட அட்டையைச் சந்தையிலும் பள்ளியிலும் காட்டி, இப்படி யாரையாவது பார்த்தீர்களா என்று கேட்டார்கள். தகவல் சொன்னால் பரிசு. கடைசிக் கட்டத்தில் அது 1,000 ரூபாய்வரை உயர்ந்தது. 1975 மே மாதம் அசாமின் கரீம்கஞ்ச் ரயில் நிலையத்தில், வங்கதேசத்திலிருந்து வந்து பிச்சையெடுத்துப் பிழைத்த ஒரு பெண்ணுக்குக் கண்டதுதான் இந்தியாவின் கடைசிப் பெரியம்மை. உலகத்திலிருந்தே அது ஒழிந்தது என்று 1980 மே 8ல் அறிவித்தார்கள்.

படத்தைக் காட்டிக் கேட்க முடிந்தது என்பதைக் கவனியுங்கள். பெரியம்மையை ஒரு பள்ளிச் சிறுவன்கூட அடையாளம் சொல்லிவிடுவான். தட்டம்மைத் தடிப்பை அப்படிச் சொல்ல முடியாது. ரூபெல்லாவும் டெங்குவும் மருந்து ஒவ்வாமையும் ஏறக்குறைய அதே போன்ற தடிப்பைத் தரும். இரத்தம் எடுத்துச் சோதித்தால்தான் உறுதி. தமிழ்நாட்டில் அந்த இரத்தம் போகும் இடம் சென்னை கிண்டி கிங் நிலையம். 1899ல் அது தொடங்கப்பட்டதே பெரியம்மைக்கான அம்மைப்பால் தயாரிக்கத்தான். கன்றின் தோலில் வளர்த்து எடுத்த அம்மைப்பாலைச் சென்னை மாகாணம் முழுக்க அனுப்பிய வளாகத்தில், இன்று குழந்தைகளின் இரத்தத்தில் தட்டம்மையைத் தேடுகிறார்கள். இந்த இரண்டு நோய்களின் கதை ஒரே வாசலுக்குள் நுழைந்து வந்திருப்பது எனக்கு மனதைத் தொடுகிறது.

மருந்துகளையும் ஒப்பிட வேண்டும், ஏனென்றால் அங்கேயும் பெரியம்மை நமக்குச் சாதகமாக இருந்தது. தொடக்க காலத்து அம்மைப்பால் வெயிலில் கெட்டுப்போகும். 1950களில் உறைய வைத்து உலர்த்திய மருந்து வந்தது. அது 37 டிகிரி வெப்பத்திலும் ஒரு மாதம் தாங்கும். பெட்டியோ பனிக்கட்டியோ இல்லாமல் ஊழியர் அதைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் எந்தக் குக்கிராமத்துக்கும் போகலாம். 1960களில் இரட்டை முனை ஊசி வந்தது. ஒரு சொட்டு மருந்தைத் தொட்டுத் தோலில் பதினைந்து முறை குத்தினால் முடிந்தது. படிக்காதவருக்கும் பத்து நிமிடத்தில் கற்றுக்கொடுக்கலாம். எந்த வயதிலும், பிறந்த குழந்தைக்கும்கூடக் குத்தலாம்.

தட்டம்மை ஊசி அவ்வளவு இலகுவானதில்லை. உறைகுளிர்ப் பெட்டியிலிருந்து குழந்தையின் தோள்வரை குளிர் அறுபடாமல் வர வேண்டும். வெளிச்சமும் ஆகாது. தூளைக் கரைத்த நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும், மிஞ்சினால் கொட்டிவிட வேண்டும். பிறந்ததும் போட முடியாது, ஏனென்றால் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் குழந்தையின் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஊசி மருந்தையும் அது அழித்துவிடும். தாய் கொடுத்த காப்பு வடிந்து, நோய் நுழைவதற்குள் ஓர் இடைவெளி பார்த்துப் போட வேண்டும். அந்த இடைவெளியைத்தான் நம் நாட்டில் ஒன்பது மாதம் நிறைந்ததும் என்று வைத்திருக்கிறார்கள். அப்போதும் நூற்றுக்கு ஏறத்தாழ 85 குழந்தைகளுக்குத்தான் முழுக் காப்பு பிடிக்கும். அதற்காகத்தான் 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது ஊசி. இரண்டும் போட்டால் 95க்கு மேல் போய்விடும். ஊரில் நோய் நிற்க வேண்டுமென்றால் நூறு குழந்தைகளில் 95 பேருக்கு இரண்டு ஊசியும் சேர்ந்திருக்க வேண்டும். பெரியம்மைக்கு இந்த அளவு தேவைப்படவில்லை.

இந்த ஒன்பது மாதத்தையும் பதினாறு மாதத்தையும் நெருப்பெரிச்சலில் பொருத்திப் பார்த்தால்தான் சிக்கல் புரியும். 2011ல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்க்கப்படும்வரை தனி ஊராட்சியாக இருந்த ஊர் இது. கம்பெனிகள் பெருகப் பெருக லைன் வீடுகளும் பெருகின. இங்கே ஒரு குடும்பம் ஆர்டர் இருக்கும்போது வரும், ஆர்டர் குறைந்தால் போகும். தீபாவளி, சட் பூஜை, ஹோலி, நெல் அறுவடை, அக்கா கல்யாணம் என்று ஊருக்குப் போனால் திரும்பும் தேதி யாருக்கும் தெரியாது. திரும்பினாலும் அதே கம்பெனிக்கும் அதே காம்பவுண்டுக்கும் வருவார்கள் என்று சொல்ல முடியாது. குழந்தை பிறந்தது ஓர் ஊரில், ஒன்பதாம் மாதம் இன்னோர் ஊரில், பதினாறாம் மாதம் மூன்றாவது ஊரில். ஒவ்வொரு ஊரின் பதிவேட்டிலும் அது பாதிக் குழந்தை.

தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போடும் நாள் புதன்கிழமை. இங்கே கம்பெனிகளில் வாரச் சம்பளம் சனிக்கிழமை. புதன்கிழமை செக்கிங் மேசையிலிருந்தோ பவர்டேபிளிலிருந்தோ ஒரு பெண் எழுந்து போனால் அரை ஷிப்ட் போகும். பீஸ் ரேட்டில் தைக்கிறவர்களுக்கு அந்த நேரத்துக்கு ஒன்றுமே கிடையாது. கப்பல் தேதி நெருங்கியிருந்தால் சூப்பர்வைசரிடம் கேட்கவே தயங்குவாள். ஊசி இலவசம்தான், ஆனால் போட்டுக்கொள்ளப் போகும் காலை இலவசமில்லை. பெரியம்மை காலத்தில் அம்மை குத்துகிறவர் வீட்டுக்கு வந்தார். இப்போது வீடு அவரிடம் போக வேண்டியிருக்கிறது. அந்த டாடாநகர் செய்ததில் பத்தில் ஒரு பங்கை இங்குள்ள முதலாளிகள் செய்யலாம்: கைக்குழந்தைக்காரிகளுக்கு மாதத்தில் ஒரு புதன்கிழமை இரண்டு மணி நேரம், சம்பளம் பிடிக்காமல். செலவு என்று எழுதக்கூட இடமிருக்காது, அவ்வளவு சிறியது.

ஊசி வீட்டுப் பக்கத்திலிருந்து விலகியதற்கு ஒரு துயரமான காரணம் உண்டு. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டுக்கொண்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் கிராமத்துக்குப் போய் ஊசி போடுவதை மாநிலம் நிறுத்தியது, மருத்துவர் இருக்கும் சுகாதார நிலையத்தில் மட்டும் போட்டார்கள். அந்தத் தாய்மார்களின் இழப்பின் முன் அப்படி முடிவெடுத்தவர்களை என்னால் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் அதற்கும் ஒரு விலை இருந்தது. எல்லாத் தடுப்பூசியும் பெற்ற குழந்தைகள் தமிழ்நாட்டில் 2005–06 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 81ஆக இருந்தார்கள். 2015–16ல் அது 70க்கு இறங்கியது. ஊசி தூரம் போனதும் இதற்கு ஒரு காரணம் என்று பொதுச் சுகாதாரத் துறையினர் பலர் கருதுகிறார்கள். அடுத்த கணக்கெடுப்பில் அது 89க்கு மீண்டு ஏறியது. ஏற்றியவர்கள் கிராம சுகாதார செவிலியர்களும் நகர்ப்புறத்தில் அவர்களுக்கு இணையானவர்களும்தான். அவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா சிறப்பு முகாம் தமிழ்நாட்டில் நடந்தபோது, ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட ஒன்றே முக்கால் கோடிப் பிள்ளைகளுக்குப் போட இலக்கு வைத்தார்கள். முதல் வாரங்களில் வாட்ஸ்அப்பில் வந்த வதந்திகளை நம்பிப் பெற்றோர் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று. 1974ல் ஒவ்வொருவரும் முகத்தில் குழி விழுந்த யாரையாவது பார்த்திருந்தார்கள். ஊசிக்குப் பயந்தாலும் நோய்க்கு அதைவிடப் பயந்தார்கள். 2017ல் நோயைப் பார்த்தவர் குறைவு, அதனால் ஊசி மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தது. அன்று பள்ளி வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு தோளை நீட்டிய பெண் பிள்ளைகள் இன்று பனியன் கம்பெனி வேலைக்கு வரும் வயதில் இருக்கிறார்கள். அந்த ஊசியின் மறுபாதி ரூபெல்லாவுக்கானது. கருவுற்ற பெண்ணுக்கு ரூபெல்லா வந்தால் வயிற்றுப் பிள்ளையின் கண்ணும் காதும் இதயமும் பழுதாகலாம். அவர்கள் இன்று தாயாகும்போது அந்த ஒரு கவலை குறைந்திருக்கிறது.

வெளிமாநிலத்தவர்தான் நோயைக் கொண்டுவருகிறார்கள் என்று டீக்கடைகளில் பேசுவார்கள். அது சரியில்லை. தட்டம்மை ஓர் ஊரில் வெளியிலிருந்து யாரும் கொண்டுவராமல் தானாகவே தொடர்ந்து நீடிக்க, இரண்டரை லட்சம் முதல் ஐந்து லட்சம்வரை மக்கள்தொகை போதும் என்று நோய்ப்பரவல் அறிஞர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அதைவிடச் சிறிய கூட்டத்தில் அது எரிந்து அணைந்துவிடும். டென்மார்க்குக்கு உட்பட்ட ஃபாரோ தீவுகளில் 65 ஆண்டுகள் தட்டம்மையே இல்லை. 1846ல் கோபன்ஹேகனிலிருந்து வந்த ஒரு தச்சரோடு அது வந்து, ஏறக்குறைய 7,800 பேரில் 6,000 பேரைப் படுக்க வைத்தது. 1781ல் சிறுவயதில் வாங்கியிருந்த முதியவர்களை மட்டும் அது தொடவில்லை. திருப்பூர் தீவு அல்ல. விரிவாக்கப்பட்ட மாநகராட்சி எல்லைக்குள் 2011லேயே 8.77 லட்சம் பேர் இருந்தார்கள். ஊசி போடாத குழந்தைகள் போதிய அளவு சேர்ந்துவிட்டால், நோயை யாரும் ரயிலில் ஏற்றி வர வேண்டியதில்லை. 2022ல் மும்பை கோவண்டியின் நெருக்கமான குடியிருப்புகளில் தட்டம்மை பரவி உயிர்களை எடுத்தபோதும், அது கண்டு பிடித்தது ஊசி தவறிய குழந்தைகளைத்தான். 2023க்குள் தட்டம்மையை நீக்குவது என்ற இந்தியாவின் இலக்கு தவறி, 2026க்குத் தள்ளிப்போனது.

கடைசியாக ஒரு வேறுபாடு. எனக்கு இதுதான் மிக நெருக்கமானது. என் பாட்டியின் மேற்கையில் அம்மை குத்திய தழும்பு ரூபாய்க் காசு அளவுக்கு இருந்தது. சிறுவயதில் அதை விரலால் தடவிக்கொண்டே தூங்கியிருக்கிறேன். அதைப் போட்ட ஊர் எது, ஆண்டு எது, போட்டவர் யார் என்று அவளுக்கு நினைவில்லை. நினைவு வைத்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. எந்த ஊருக்குப் போனாலும் சான்று கூடவே போனது. ஒழிப்புப் பணியில் இருந்தவர்கள் ஓர் ஊருக்குள் நுழைந்ததும் செய்த முதல் வேலை, கையைத் தூக்கச் சொல்லித் தழும்பைப் பார்ப்பது. எழுதப் படிக்கத் தெரியாதவரின் உடம்பே அவருடைய பதிவேடு.

இன்றைக்கும் நெருப்பெரிச்சலில் தாய்மார்கள் குழந்தையின் இடது தோளைக் காட்டி, "அம்மை ஊசி போட்டாச்சுங்க, பாருங்க தழும்பு" என்கிறார்கள். அது காசநோய்க்காகப் பிறந்தவுடன் போட்ட பிசிஜி தழும்பு. அம்மைக்கும் அதற்கும் தொடர்பில்லை. தட்டம்மை ஊசி போடுவது வலது மேற்கையில். அங்கே போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் தோல் ஒன்றுபோலத்தான் இருக்கும். சான்று அட்டையில் மட்டுமே. அந்த அட்டை டிரங்குப் பெட்டியில் நனைந்திருக்கும், மாமியார் வீட்டுப் பரணில் இருக்கும், ரயிலில் தவறியிருக்கும், இந்தியில் எழுதியிருக்கும்.

"கார்டு கொண்டாந்தியாம்மா?"

"கார்டு ஊர்ல இருக்கு சிஸ்டர்."

புதன்கிழமை காலையில் இந்தப் பேச்சு நடக்காமல் இருப்பதில்லை. செவிலியர் இடது தோளைத் திருப்பிப் பார்க்கிறார், தழும்பு இருக்கிறது. குழந்தை பிறந்தது ஆஸ்பத்திரியில் என்பது அதிலிருந்து ஓரளவு தெரிகிறது. வலது கையைப் பார்க்கிறார். அங்கே படிக்க ஒன்றுமில்லை. அட்டை இல்லையென்றால் போடாத கணக்கு என்பதே விதி. ஏற்கெனவே போட்டிருந்து இன்னொரு முறை போட்டாலும் கெடுதல் இல்லை. ஐந்து வயதுக்குள் எப்போது வந்தாலும் விடுபட்ட தட்டம்மை ஊசியைப் போடலாம். வயதைக் கேட்டுப் புதிய அட்டையில் எழுதுகிறார். கரைத்த மருந்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. அடுத்த ஊசிக்கான தேதியைத் தமிழில் எழுதி, தாயின் செல்போனில் அதே தேதியைத் தொட்டுக் காட்டுகிறார். அன்றைக்கு எந்த ஊரில் இருப்பார்கள் என்று இருவருக்கும் தெரியாது.